உறுதி இருக்கிறது என்றால் போதுமா? மட்டக்களப்பு, அம்பாறையில் வீடு வாங்குவோருக்கான சட்ட விளக்கம்

மட்டக்களப்புப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ ஒரு வீடு வளவு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் நாம் முதலில் கேட்பது "உறுதி இருக்கா?" என்பதுதான். இருக்கு என்று பதில் வந்ததும் பேச்சு நேரே விலைக்குப் போய்விடும், அடுத்த கிழமை அட்வான்ஸ், அதற்கடுத்த மாதம் நொத்தாரிசு வீடு. ஆனால் நம் ஊர்களில் உறுதி என்ற பெயரில் ஆட்கள் கொண்டுவந்து காட்டும் கடதாசிகள் எத்தனையோ வகை. நொத்தாரிசு எழுதிய அறுதி உறுதியும் உறுதி, ஜயபூமிப் பத்திரமும் உறுதி, பெர்மிட்டும் உறுதி, யாரோ சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்த சத்தியக் கடதாசியும் சிலருக்கு உறுதி. வீட்டின் சுவர், கூரை, கிணறு எல்லாம் பார்த்து முடித்த பிறகு இந்தக் கடதாசியைப் பார்ப்பதுதான் நம் வழக்கம். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் காசு கை மாறுவதற்கு முன்னால்தான் கேட்க முடியும், மாறிய பிறகு கேட்டால் அது வழக்கு.

முதலில், காணி யாருடையது? தனியார் காணியா, அரச காணியா? எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பழைய ஊர்களில், தலைமுறை தலைமுறையாக வரும் உறுதிக்காணிகள் நிறைய. வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனால், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில், பெர்மிட் காணிகளைத் தாராளமாகக் காணலாம். அம்பாறை மாவட்டத்தில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் காணிகள் வேறு இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. அந்தச் சட்டத்தில் இரண்டு படி இருக்கிறது. முதல்படி அனுமதிப்பத்திரம், நாம் பெர்மிட் என்பது. அடுத்தபடி அளிப்பு, அதைத்தான் காலத்துக்குக் காலம் சுவர்ணபூமி, ஜயபூமி, ரன்பிம என்று பெயர் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

பெர்மிட் காணியை வாங்கலாமா என்ற கேள்விக்கு நேரான பதில்: முடியாது. பெர்மிட் வைத்திருப்பவருக்குக் காணி சொந்தமில்லை, அதில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அரசு கொடுத்த அனுமதிதான் அவர் கையில் இருக்கிறது. தன்னிடம் இல்லாததை அவர் எப்படி விற்பார்? ஆனாலும் நடக்கிறது. வெள்ளைக் கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, கிராம சேவகரின் முத்திரையும் எங்காவது ஒரு மூலையில் விழுந்துவிட்டால் வாங்கியவர் நிம்மதியாக வீடு கட்டத் தொடங்கிவிடுகிறார். பிறகு பெர்மிட்காரர் இறந்ததும், அவர் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்த பிள்ளை பிரதேச செயலகத்துக்குப் போய்த் தன் பெயரைப் பதிகிறார். வீடு கட்டியவர் கையில் இருக்கும் வெள்ளைக் கடதாசியை அந்த இடத்தில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். உழைத்துச் சேர்த்த காசை இப்படி இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அளிப்புக் காணி வேறு கதை. அதன் சொந்தக்காரர் விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன்அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதும் உறுதி செல்லாது. துண்டாக்கி விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு, அளிப்பிலேயே ஆகக் குறைந்த பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். "முதலில் உறுதியை எழுதுவோம், அனுமதியைப் பிறகு எடுப்போம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். இந்தக் காணிகளில் பின்னுரித்தும் சாதாரண வாரிசுச் சட்டப்படி போவதில்லை. பெயர் குறிக்காமல் இறந்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள வரிசைப்படி ஒருவருக்கே போகும், 2022இல் திருத்தும்வரை அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கே முன்னிடம் இருந்தது. 2024இல் உறுமய என்ற பெயரில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாத முழு உரித்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஆகவே விற்பவர் கையில் இருப்பது எந்தக் காலத்து, எந்த வகைப் பத்திரம் என்பதை அதன் முதல் பக்கத்திலிருந்து கடைசி நிபந்தனை வரை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பேரேடு இருக்கிறது, அதில் காணி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்ட வீடு என்றாலும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

சரி, தனியார் உறுதிக்காணி என்றே வைத்துக்கொள்வோம். காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறது, அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லைதானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாவது பத்திரம், உரித்து அல்ல. உறுதி முறைப்படி எழுதப்பட்டிருந்தால் பதிவாளர் அதைப் பதிவார், எழுதிக்கொடுத்தவருக்கு உண்மையில் அந்தக் காணியில் உரித்து இருந்ததா என்று அவர் விசாரிப்பதில்லை. உரித்தே இல்லாத ஒருவர் எழுதிக் கொடுத்த உறுதியும் அழகாகப் பதிவேட்டில் ஏறும். ஆனால் பதிவு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றுவிட்டால், முதலில் வாங்கியவர் பதியாமல் விட்டு, இரண்டாவதாக வாங்கியவர் காசு கொடுத்து முந்திப் பதிந்திருந்தால், மோசடியோ கூட்டுச் சதியோ நிரூபிக்கப்பட்டாலே தவிர இரண்டாமவர் முந்திக்கொள்வார். எனவே உறுதி எழுதிய பிறகு பதிவைத் தள்ளிப்போடுவது பெரிய ஆபத்து. உரித்தையே அரசு உறுதிப்படுத்தும் முறை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது, பிம்சவிய என்று சொல்வார்கள், ஆனால் அது எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை.

அதனால் தேடித்தான் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் காணிப் பதிவகங்கள் இருக்கின்றன. காணி எந்தப் பதிவகத்தின் கீழ் வருகிறதோ அங்கே பதிவுப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, குறைந்தது 30 வருடத்துக்காவது யாரிடமிருந்து யாருக்குப் போனது, இடையில் ஈடு வைத்து மீட்காமல் விட்டிருக்கிறதா, வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று நொத்தாரிசு பார்ப்பார். பகிர்வு வழக்கு, அதாவது கூட்டுச் சொந்தக்காரர் காணியைப் பிரித்துக் கேட்கும் வழக்கு, நடக்கும் காணிக்கு வழக்கு அறிவித்தல் பதிவான பிறகு, அந்த வழக்கு முடியும்வரை எழுதும் விற்பனை உறுதி செல்லுபடியற்றது, இது 1977ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம். இந்தத் தேடலை விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசிடம் விடாதீர்கள். உங்களுக்காகப் பார்க்கும், உங்களிடம் கட்டணம் வாங்கும் ஒருவரைப் பிடியுங்கள். முத்திரைத் தீர்வையைச் செலுத்தப்போவது நீங்கள், எனவே நொத்தாரிசைத் தெரிவுசெய்வதும் நீங்களாகவே இருக்கலாம்.

மூல உறுதி தொலைந்துவிட்டது, 90ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது போய்விட்டது, சுனாமியில் போய்விட்டது என்று சொல்வார்கள். பல குடும்பங்களுக்கு இது உண்மை, அதற்காக அந்தக் காணியையே ஒதுக்கத் தேவையில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டாம் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் அனுப்பியாக வேண்டும் என்பது அவர் கடமை. அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: உறுதி உண்மையில் தொலைந்ததா, அல்லது யாரிடமாவது காசுக்காகக் கொடுத்து வைத்திருக்கிறார்களா? நொத்தாரிசு முன் எழுதாமல் உறுதியை மட்டும் கையில் கொடுத்துக் கடன் வாங்கினால் அது சட்டப்படி ஈடாகாது, பதிவேட்டிலும் தெரியாது, ஆனால் நீங்கள் குடிபோன பிறகு கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார்.

இனி நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். தமிழரோ முஸ்லிமோ, கிழக்கில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மகள் கலியாணம் முடிக்கும்போது வீடும் வளவும் அவள் பெயரில் எழுதிக்கொடுக்கிறோம், மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கிறார். ஆகவே நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் விலையைக் கணவர் பேசினாலும், உறுதியில் இருப்பது பெரும்பாலும் மனைவியின் பெயர். கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர். கணவரிடம் காசைக் கொடுத்து, கணவரிடம் ரசீது வாங்கி, கடைசியில் "நான் விற்கச் சொல்லவில்லை" என்று மனைவி சொன்னால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? முதல் நாளே அந்தப் பெண்ணோடு நேரில் பேசுங்கள், அவர் விருப்பத்தோடுதான் விற்கிறாரா என்று கேளுங்கள். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை. கணவனின் கடனுக்காகத் தன் சீதன வீட்டை இழந்து, பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய் நிற்கும் பெண்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை.

சீதன உறுதியை, நன்கொடை உறுதியைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. பெற்றோர் பல இடங்களில் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டுதான் எழுதிக்கொடுப்பார்கள். அதாவது வீடு மகளுக்கு, ஆனால் தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கும் உரிமை அவர்களுக்கு. அப்படி இருந்தால் மகள் மட்டும் கையெழுத்து வைத்த உறுதியோடு நீங்கள் அந்த அம்மாவை வெளியே போகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சீவிய உரித்து வைத்திருப்பவர்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அல்லது முன்னரே அதை நொத்தாரிசு மூலம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அடுத்தது, நன்கொடையாகப் பெற்றவர் கொடுத்தவருக்குப் பெரிய துரோகம் செய்தார் என்ற காரணத்தைக் காட்டி நன்கொடையை இரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்க 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதனால்தான் அண்மையில் எழுதிய நன்கொடை உறுதி என்றால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. கொடுத்த பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களையும் விற்பனை உறுதியில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து உறவு உள்ளவர்கள் தேசவழமை பற்றிக் கேட்பதுண்டு. விற்பதற்கு முன் பங்காளிக்கும் வாரிசுகளுக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்ற அந்த முன்னுரிமை வடமாகாணக் காணிகளோடு நின்றுவிடுகிறது. மட்டக்களப்பில் ஒரு காலத்தில் முக்குவர் வழமை இருந்தது, தாய் வழியில் சொத்துப் போகும் முறை, அது இன்று நீதிமன்றத்தில் நிற்காது. உறுதியில் பெயர் உள்ளவர் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால், இப்பகுதித் தமிழர்களுக்கு 1876ஆம் ஆண்டின் சட்டப்படி உயிரோடு இருக்கும் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மார்க்கப்படியான பங்குகள். எப்படிப் பார்த்தாலும் பங்காளர்கள் பலர் வருவார்கள். ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவர் "எல்லாரும் சம்மதம்தான்" என்று சொல்வது போதாது, ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஒருவர் கையெழுத்து விடுபட்டால் அவருடைய பங்கு உங்களிடம் வரவில்லை என்று அர்த்தம், அவரும் நீங்களும் ஒரே வளவுக்குக் கூட்டுச் சொந்தக்காரர்கள்.

"பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம்" என்ற பேச்சை நம்பி விற்பவர்களும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் அப்படி ஒரு வழியை வைத்திருப்பது உண்மை, ஆனால் சும்மா இருந்தால் போதாது. பத்து வருடமும் இடையூறு இல்லாமல், இன்னொருவரின் உரித்தை ஏற்றுக்கொள்ளாமல், அவருக்கு எதிராகவே இருந்திருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர், காவலுக்கு விட்டவர், உறவு முறையில் இருக்கச் சொல்லப்பட்டவர் எல்லாம் இதில் வரமாட்டார்கள். தன் சார்பில் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இல்லாமல் "ஆட்சியுரிமை உறுதி" என்று தானே சொல்லித் தானே எழுதிய ஒன்றைக் காட்டுபவரிடம் வாங்குவது அவருடைய வழக்கை நீங்கள் விலைக்கு வாங்குவது.

போர் நடந்த மண்ணில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓடிப்போனவர்கள் தங்கள் காணியைக் கைவிடவில்லை, அங்கே இருக்க முடியாமல் போனார்கள். இதற்காகத்தான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தீவிரவாதச் செயல்களால் தன் உரிமையைக் கேட்டு வழக்குப் போட முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்று அது சொன்னது, வழக்குப் போடக் காலக்கெடுவும் வைத்தது. எல்லையோரக் கிராமங்களில், இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் வளவு வாங்கும்போது, இப்போது இருப்பவர் எப்போது வந்தார், அதற்கு முன் யார் இருந்தார், அவர்கள் எங்கே போனார்கள் என்று அயலில் நான்கு வீட்டில் கேளுங்கள். உயிருக்குப் பயந்து போன ஒருவரின் வளவை வழக்கில் தோற்காமல் வாங்கிவிட முடிந்தாலும், அதைத் தெரிந்துகொண்டே வாங்குவது சரியல்ல என்பது என் எண்ணம்.

உரித்து எல்லாம் ஒழுங்கு, ஆனால் அந்த இடத்தில் வீடு இருக்கலாமா என்பது தனிக் கேள்வி. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் ஊர் பெருத்து இடம் போதாமல் வயலை மூடி வளவாக்கி விற்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்புவதும் அதில் கட்டுவதும் குற்றம். மண் போட்டு நிரப்பியதால் உறுதியில் உள்ள "வயல்" வளவாக மாறிவிடாது. உறுதியில் என்ன எழுதியிருக்கிறது, கமநல சேவை நிலையத்தில் நெற்காணிப் பதிவேட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மழை காலத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நல்லது, மார்கழி வெள்ளம் எந்த உறுதியையும் வாசித்துவிட்டு வருவதில்லை. கடற்கரைப் பக்கம் என்றால் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் பேசும், கட்டுவதற்கு அந்தத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலோடு தொடுக்கும் வாவியோரங்களுக்கும் அது நீள்கிறது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றர் தடை வைத்து, பிறகு தளர்த்தினார்கள். அந்த ஞாபகத்தில் "தடை எல்லாம் எடுத்தாச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், சட்டம் அப்படியே இருக்கிறது.

வளவை அளக்காமல் வாங்காதீர்கள். பழைய உறுதிகளில் வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஒழுங்கை என்றுதான் எல்லை இருக்கும், அந்த இன்னாரின் பேரப்பிள்ளைகள் வேலியைப் பல தடவை நகர்த்தியிருப்பார்கள். பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிய பிளான் எடுத்து, அதைப் பழைய உறுதியோடு ஒப்பிட வேண்டும். பாதை இருக்கிறதா, அது பொதுப் பாதையா, உறுதியில் வழியுரிமை எழுதியிருக்கிறதா என்பதையும் அவரிடம் குறிக்கச் சொல்லுங்கள். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து விற்கும்போது, நகர அபிவிருத்தி அதிகாரசபைப் பிரதேசங்களில் ஒரு துண்டு பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது, பிரிப்புக்குச் சபையின் அங்கீகாரமும் வேண்டும். கட்டிய வீடு என்றால் அங்கீகரித்த கட்டட வரைபடம், சோலைவரிச் சிட்டை, வீதிக்கோட்டுச் சான்றிதழ், இவற்றை வங்கி எப்படியும் கேட்கும்.

அட்வான்ஸ் பற்றி: காணியை எதிர்காலத்தில் விற்பதாகச் செய்யும் ஒப்பந்தம்கூட நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கடையில் வாங்கிய கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால், விற்பவர் மனம் மாறும்போது காணியை எழுதித் தா என்று கேட்க முடியாது, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அதற்கும் அலைய வேண்டும். பெரிய தொகை கொடுப்பதென்றால் நொத்தாரிசு மூலம் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியுங்கள். காசை வங்கி வழியாகக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பித் தங்கள் பெயரில் வாங்கச் சொல்வது இப்போது அதிகம். கனடாவோ சுவிஸோ, அந்த நாட்டுப் பிரசையாகி இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவருக்குக் காணி விற்க முடியாது, எழுதினாலும் செல்லாது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. பெற்றோரின் காணி மரபுரிமையாக வருவதற்கும் விலக்கு இருக்கிறது. மறுபக்கம், விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோர்னித் தத்துவம், அதாவது தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், கொடுத்து ஊரில் ஒருவர் கையெழுத்திடுகிறார் என்றால், அந்தத் தத்துவம் பதிவாகியிருக்கிறதா, விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, இரத்துச் செய்திருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். வீடியோ அழைப்பில் அவரோடு நேராகப் பேசுவது ஐந்து நிமிட வேலை.

உறுதி எழுதும் நாளில் விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சாட்சிகள் விற்பவரை அறிந்தவர்களாக இருக்கட்டும், ஆள்மாறாட்டத்துக்கு அதுதான் தடை. உறுதியைத் தமிழில் எழுதும் நொத்தாரிசிடம் போங்கள், கையெழுத்துக்கு முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 50 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,000மும் 196,000மும் சேர்ந்து 199,000 ரூபாய். இதைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இருக்கிறது. மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைக் கணித்து மீதியைக் கேட்கலாம், நாளை வழக்கு என்று வந்தால் உறுதியில் எழுதிய தொகைதான் நீங்கள் கொடுத்ததற்குச் சாட்சி. நொத்தாரிசின் கட்டணத்தை முன்னரே பேசி, முத்திரைத் தீர்வை வேறாக, கட்டணம் வேறாக எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் பதிவு முத்திரை விழுந்த மூல உறுதியை நொத்தாரிசிடம் கேட்டு வாங்கி, பதிவகத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ சோலைவரிப் பதிவையும், மின்சார, தண்ணீர்க் கணக்குகளையும் உங்கள் பெயருக்கு மாற்ற உறுதியின் பிரதியைத்தான் கேட்பார்கள். பழைய வரி நிலுவை இருந்தால் அதை விற்பவரைக் கொண்டு கையெழுத்து நாளுக்கு முன்னரே கட்டவைத்துச் சிட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.